மூன்றாவதாக வந்த பூ

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். சரி. எடுத்தாலும், நான் பேச ஆரம்பித்துவிட்டால் உனக்கு வாய் திறக்க இடம் இருக்காது என்று உன் அப்பா சொல்கிறார். அதுவும் சரிதான். அதனால் எழுதுகிறேன். எத்தனையோ வருடம் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத்து பழக்கியவள், பெற்ற மகளுக்கு ஒரு கடிதம் எழுத முடியாதா என்ன. நீளமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் ரயிலில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறாயே, அப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

இதை உனக்குத் தனியாக மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடப் போகிறேன். பெரியம்மா படிக்கட்டும், உன் சித்தப்பா படிக்கட்டும், காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வதைத் தவிர வேறு எதற்கும் அந்தப் பக்கம் வராதவர்களும் படிக்கட்டும். நான் அங்கேதான் ஒரு விஷயத்தைப் பாதி சொன்னேன். மீதிப் பாதியையும் அங்கேயே சொல்வதுதான் முறை. அவர்களுக்கு உன் ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே நடுநடுவே உனக்கு விளக்கிக்கொண்டு போவேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்.

தை மாதம் உனக்கும் தினேஷுக்கும் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, பெரியம்மா தன் ரவிக்கையை இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டார். நீங்கள் இருவரும் செய்வது ஒரே மாதிரி வேலை. கணினிக்குள் ஒரு பொம்மை ஊரைக் கட்டுகிறீர்கள், அதற்கு 'மாதிரி' என்று பெயர். அதில் வீடுகள், ஆறு, மழை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குணத்தைக் கொடுத்து, தண்ணீர் ஏறும்போது யார் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவார்கள் என்று ஓட்டிப் பார்க்கிறீர்கள். தினேஷ் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து எனக்கு நம் ஊர் கோத்தா திங்கியையே காட்டினான். முழுக்கப் புள்ளிகள். நம் வீடு எங்கே என்று கேட்டேன், ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினான். அந்தப் புள்ளிக்குள் நானும் உன் அப்பாவும் எங்கள் சண்டையும் இருக்கிறோம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் ஏன் சிரிக்கிறேன் என்று புரியாமல் அவனும் சிரித்தான். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, அதை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பொம்மை ஊர்தான். ஒரு பெரிய வெள்ளத்தின் விவரங்களை வைத்துக்கொண்டு அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். நெருக்கமாக வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒருவர் கிளம்பினால் போதும், அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று எல்லோரும் தாமாகவே கிளம்பிவிடுவார்கள். தனித்தனியாகச் சிதறி இருக்கும் வீடுகளில்தான் ஆள் அசையாது. ஆகவே மீட்பு லாரியை முதலில் தோட்டத்துப் பக்கம் சிதறி இருக்கும் வீடுகளுக்கு அனுப்புங்கள், நம் வீடு போல வரிசையாகக் கட்டிய தாமான் வீடுகளுக்குக் கடைசியில் போனால் போதும் என்றது அவனுடைய மாதிரி. கட்டுரை நல்ல இடத்தில் வந்தது. அதை வைத்துத்தான் அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தத்தை நீட்டுவார்களா மாட்டார்களா என்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். இங்கே வெள்ள மீட்பு வேலை பார்க்கிறவர்களும் அவன் போட்ட வரைபடத்தை வாங்கி, இந்த மழைக்கு லாரிகளை எந்த வரிசையில் அனுப்புவது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நீ செய்தது, அதே மாதிரியை இன்னொரு வெள்ளத்தின் விவரங்களில் வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தது. எதற்கு என்று அப்போதே கேட்டேன். "ஒரு தடவை சமைச்சது நல்லா வந்துச்சுன்னா அது கைராசியா, செய்முறையான்னு எப்படிம்மா தெரியும்? இன்னொருத்தர், இன்னொரு அடுப்புல செஞ்சு பாக்கணும்லா" என்றாய். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல உனக்குத் தெரிகிறது, அதில் எனக்குப் பெருமை. தினேஷும் மறுக்கவில்லை. தன் கணினி நிரல் முழுவதையும் அவனே உனக்கு அனுப்பி, உடைத்துப் பார் என்றான். அதோடு நீங்கள் இருவரும் சேர்ந்து ஒன்று செய்தீர்கள். புது விவரங்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, எப்படி வந்தால் மாதிரி நின்றது என்று அர்த்தம், எப்படி வந்தால் விழுந்தது என்று அர்த்தம், எந்த வீடுகளைக் கணக்கில் எடுப்பது, எந்த எண்ணை மாற்றவே கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி, யாரும் பிறகு திருத்த முடியாதபடி இணையத்தில் ஒரு பொது இடத்தில் பதிந்து வைத்தீர்கள். அதைப் படித்துவிட்டு அவனும் சரி என்றான். மோதிரம் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்று ஞாபகம். கல்யாணம் பேசும் நேரத்தில் உலகத்தில் யாராவது இப்படி ஒரு காரியம் செய்வார்களா என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். அவர் டிவி செய்தியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

தீபாவளிக்கு நீ வந்தபோது முகமே சரியில்லை. முறுக்கு பிழியும்போது அச்சைப் போட்டு அந்த அழுத்து அழுத்தினாய். என்னவென்று கேட்டதற்கு விழுந்துவிட்டது என்றாய். யார் என்று பதறினேன், மாதிரி என்றாய். புது வெள்ளத்தில் தாமான் வீடுகள் தாமாகக் கிளம்பவே இல்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் என்ன வருமோ, அதைவிட அவனுடைய மாதிரி ஒன்றும் நன்றாகச் சொல்லவில்லை. நீங்கள் முன்பே எழுதி வைத்த விதிப்படி, சந்தேகமே இல்லாமல் தோல்வி. தினேஷிடம் சொன்னாயா என்றேன். "சொன்னேன். சரின்னான். அதுக்கப்புறம் சரியா பேசவே இல்ல" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது, ஆனால் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். "இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்மா. அந்த எண்ண இந்த எண்ண கொஞ்சம் மாத்தி" என்றேன். நீ மாவுக் கையோடு திரும்பி என்னைப் பார்த்தாய். "எத்தனை தடவைம்மா? நமக்கு வேணும்கிற பதில் வர்ற வரைக்குமா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கோபத்தில் வேறு வழியில் போனேன். சரி, மாதிரி விழுந்ததைச் சொல்லும் அறிக்கையை மீட்பு வேலைக்காரர்களுக்கு அனுப்பு, ஆனால் தாலி ஏறின பிறகு அனுப்பு, அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "நடுவுல மழை வரும்மா." அதற்கு நான், "மழை எப்பவும்தான் வருது. கல்யாணம் ஒரு தடவதான் வரும்" என்றேன். நீ கையைக் கழுவினாய், பையை எடுத்தாய், அடுத்த பேருந்தில் போய்விட்டாய். பாதி மாவு பாத்திரத்தில் அப்படியே கிடந்தது. அதன் பிறகு நீ போனை எடுக்கவில்லை. அறிக்கையையும் இன்னும் அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். நீ என் மேல் கோபமாக இருந்தும் நான் சொன்னதைக் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மழை எப்பவும்தான் வருகிறது என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை, அதுவும் இந்த வீட்டில் நின்றுகொண்டு. நீ ஐந்தாம் படிவம் படித்தபோது வந்த வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு ஏறுகிறது என்று மதியமே சொல்லிவிட்டார்கள். நான் சன்னல் வழியாக எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மாச்சிக் ரொஹானியைப் பார்த்தேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரே போகவில்லை, நாம் ஏன் போக வேண்டும் என்று நான் குழம்பு வைத்தேன். அவர் என்னைப் பார்த்திருக்கிறார், குழம்பு வைக்கிறாள், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று துணி மடித்திருக்கிறார். அந்த வரிசை முழுக்க இப்படித்தான், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒருவரும் அசையவில்லை. தண்ணீர் கதவுக்குள் வந்தபோது வெளியே போக வழியில்லை. வரிசை வீடு, ஆளுக்கொரு காடி வாசலில் நிற்கிறது, இவர்கள் தாமாகவே போயிருப்பார்கள் என்று நினைத்து லாரி நம்மிடம் கடைசியில்தான் வந்தது. அதற்குள் நாம் சாப்பாட்டு மேசை மேல் நின்றுகொண்டிருந்தோம். உன் அப்பாவுக்கு அப்போதே முழங்கால் வலி. நீ அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உனக்குப் பல் தந்தியடித்தது எனக்குக் கேட்டது. லாரியில் ஏறும்போது மாச்சிக் என்னைப் பார்த்து, "அலமாக், நீ போவேன்னு நான் பாத்துட்டு இருந்தேன்" என்றார் மலாயில். இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

இந்தக் கதையை நான் உன்னிடம் ஆதாரமாக நீட்டினால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். "நம்ம கதை ஒரு கதைதான்மா, அத வச்சு ஊர முடிவு பண்ண முடியாது" என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதனால் ஆதாரமாகச் சொல்லவில்லை. இந்த வருடமும் தாமான் வீடுகளுக்கு லாரி கடைசியில்தான் வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அது நிற்காத ஒரு மாதிரியை வைத்து எழுதியது என்பது அன்றைக்கு உனக்கும் தினேஷுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நான் உன்னை வாய் மூடச் சொன்னேன். அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சுருக்கென்றதற்கு வருகிறேன். பெரியம்மா, நீங்களும் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் இருவரின் ஜாதகத்தையும் பார்க்க வேண்டாம் என்று நீயும் தினேஷும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனது கேட்கவில்லை. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தெரியாத இளசுகளுக்காகச் சொல்கிறேன்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகத் தாளில் பொட்டலம் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒன்றை எடுப்பது. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதை எடுப்பதற்கு முன்பே அம்மனிடம் சொல்லிவிட வேண்டும். எடுத்த பிறகு மாற்றக் கூடாது. நம் ஆட்கள் இதை எவ்வளவு காலமாகச் செய்கிறார்களோ தெரியாது. நீங்கள் இணையத்தில் பதிந்து வைத்ததும் இதுவும் ஒரே ஒழுங்குதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நம் ஊர் மாரியம்மன் கோவிலில் எடுத்தேன். சிவப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, பூசாரி அன்றைக்கு அவசரத்தில் இருந்தார், பக்கத்தில் யாரோ போன் பேசிக்கொண்டிருந்தார்கள், ராகு காலம் தொடங்கியிருக்கவும் கூடும், ஆகவே அது கணக்கில் சேராது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் சிம்பாங் ரெங்கத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய், இருவருமாக அங்கே உள்ள கோவிலில் எடுத்தோம். அங்கேயும் சிவப்பு. பெரியம்மா சளைக்கவில்லை. "ஏன்டி, சிவப்புன்னா குங்குமம். கல்யாணப் பொண்ணுக்குக் குங்குமம் வர்றது நல்லதுதானே? நாமதான் தப்பா வேண்டிக்கிட்டோம்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு அம்மனை ஏமாற்றப் பயம். அன்று மாலையே அதே கோவிலில், இந்த முறை நல்ல நேரம் பார்த்து, மறுபடி எடுத்தேன். வெள்ளை வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வெள்ளைப் பூவை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, 'அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள்' என்று இந்தக் குழுவில் போட்டது நான்தான். எத்தனை கைகூப்பு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அது பொய் இல்லை. வெள்ளைப் பூ வந்தது உண்மை. சிவப்புப் பூக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ மாவுக் கையோடு அந்தக் கேள்வியைக் கேட்டபோது, உனக்கு இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறாயோ என்று ஒரு கணம் நடுங்கிப் போனேன். உனக்குத் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் குத்தினாய். நான் மூன்று முறை கேட்டேன் என்பது வெறும் பேச்சு. வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொள்ள நான் தயாராகவே இல்லை, ஆகவே நான் அம்மனிடம் எதையும் கேட்கவே இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைக் காடி ஓட்டச் சொல்லி கெலாங் பாத்தாவில் தினேஷ் வீட்டுக்குப் போனேன். தீபாவளிப் பலகாரம் கொண்டுபோகிற சாக்கு. நீ பிழியாமல் விட்ட முறுக்கை நானே பிழிந்து எடுத்துப் போனேன். சம்பந்தியம்மா வாசலுக்கே வந்து வாங்க வாங்க என்றார், தேநீர் கலந்தார். நான் இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவோடு போயிருந்தேன், பூவையும் உன் அறிக்கையையும். அறிக்கையை முதலில் சொன்னேன். அதைக் கல்யாணத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லப் போகிறேன், உங்கள் மகனுக்குக் கஷ்டம் வரலாம், உங்களிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று வந்தேன் என்றேன். அவர், அதெல்லாம் படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன தெரியும் என்றார். அப்பாடா என்று பூ விஷயத்தைச் சொன்னேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு தடவ சிவப்பு வந்துச்சா? எங்ககிட்ட மறைச்சீங்களா? ஆராய்ச்சி கிடக்கட்டும் சம்மந்தி. அம்மன் சொன்னதயே மறைச்சிட்டீங்களே. நாங்க ஒரே தடவதான் பாத்தோம், வெள்ள வந்துச்சு, சொன்னோம். சிவப்பு வந்திருந்தா சிவப்புன்னு சொல்லியிருப்போம்லா." அவர் குரல் உயரவே இல்லை. எனக்கு அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. உன் அப்பா முறுக்கை வாயில் வைத்தவர் கடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதில் அவர் மேல் தப்பில்லை.

தினேஷ் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இளைத்துப் போயிருந்தான். இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா, ஆன்ட்டிய ஏசாதீங்க. அவங்க சொல்லிட்டாங்க. நான் இன்னும் சொல்லல" என்றான். என்னடா என்றார் அவர். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஆன்ட்டி, அந்தக் கட்டுரைக்கு முன்னாடி நான் அந்த மாதிரிய பல விதமா ஓட்டிப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்கள எப்படி எண்றது, எந்த வீட்ட விடுறதுன்னு மாத்தி மாத்தி. சிலதுல ஒண்ணுமே வரல. ஒண்ணுல நல்லா வந்துச்சு. அத எழுதினேன். பொய் எழுதல ஆன்ட்டி. வந்தததான் எழுதினேன். உங்க மூணாவது பூ மாதிரிதான், நானும் வந்தத மட்டும் படம் எடுத்துப் போட்டேன்."

இதை எழுதலாமா, குழுவில் போடலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதுங்க ஆன்ட்டி என்றான். அவனே தன் பேராசிரியரிடம் போய் மற்ற ஓட்டங்களையும் சேர்த்து வெளியிடுவதாகப் பேசிவிட்டானாம். ஆகவே யாரும் அவனைத் திருடன் மாதிரி பேச வேண்டாம். சித்தப்பா, உங்களைத்தான் சொல்கிறேன். ஆசைப்பட்டு ஒரு வேலையைச் செய்கிறவன், தனக்குப் பிடித்த பதில் வந்ததும் நிறுத்திக்கொண்டான். அதே காரியத்தைச் செய்த நான் அவனுக்கு என்ன புத்தி சொல்ல முடியும். அவன் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்து எனக்கு அவன் மேல் பாசம்தான் கூடியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழுவுக்கு எழுதுவது இத்தோடு முடிந்தது. அந்த வெள்ளைப் பூவுக்கு முன்னால் இரண்டு சிவப்புப் பூக்கள் வந்தன. எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வர மனமில்லாதவர்கள் வர வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. அறிவுரை சொல்ல நினைப்பவர்கள் எனக்குப் போன் பண்ணுங்கள், அவளுக்குப் பண்ணாதீர்கள்.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். இதைத் தனியாக அனுப்புகிறேன்.

கிளம்பும்போது தினேஷ் எங்களோடு கேட் வரை வந்தான். உன் அப்பா காடியில் ஏறி, ஏறின உடனே வானொலியைப் போட்டுக்கொண்டார், நாங்கள் பேசட்டும் என்றுதான் செய்தார். உன்னோடு பேசினானா என்று கேட்டேன். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் ஆன்ட்டி, அவள் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைக்கிறாள், நான் அவள் என்னைக் கேவலமாக நினைப்பாள் என்று நினைக்கிறேன் என்றான். கோபமா என்று கேட்டேன். கேட்டின் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான். "அவ அனுப்பினத திரும்பத் திரும்பப் படிச்சேன் ஆன்ட்டி. அதுல எங்கயாவது தப்பு இருக்கணும்னு தேடினேன். ராத்திரி பகல்னு தேடினேன். கிடைக்கல. அவ அவ்ளோ கவனமா செஞ்சிருக்கா. அந்தக் கவனத்தப் பாத்துத்தான் நான் அவள விரும்பினேன். அதே கவனம் என்மேல விழுந்தப்பதான் வலிக்குது" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கேட்கும் முன்பு, இந்த முறை நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: இவன் சரி என்றால் நான் துள்ளமாட்டேன், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய் மண்டபத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, மகளை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். இரண்டும் எனக்குச் சம்மதம் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு, கல்யாணம் என்னப்பா என்று கேட்டேன். "அவ கேக்கட்டும் ஆன்ட்டி. அவளுக்குத்தான் நான் சொல்லணும்" என்றான். அப்புறம், "அறிக்கைய அனுப்பச் சொல்லுங்க. எனக்காக நிறுத்தி வைக்க வேணாம். மழை ஆரம்பிச்சிருச்சு" என்றான். அவன் குரல் நன்றாக இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அவன் என்ன பதில் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கும் என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அவன் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அவனுக்கு வேலை போகலாம். மனம் ஆற அவனுக்குத் தை மாதம் போதாமல் போகலாம். சிவப்புப் பூவை நினைத்து எனக்கு இன்னும் பயம் இருக்கிறது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று தெரியும். நீ ஒரு கேள்வியைக் கேட்டால், வரும் பதிலை எடுத்துக்கொள்கிறவள். அதற்குப் பெரிய நெஞ்சு வேண்டும். அது என்னிடமிருந்து உனக்கு வரவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ, அதை நான் கெடுக்கப் பார்த்தேன்.

அறிக்கையை இன்றைக்கே அனுப்பு. நாளை காலை இங்கே வெள்ள மீட்பு வேலை பார்க்கிறவர்கள் அதைப் பார்க்கட்டும், லாரிகளின் வரிசையை மாற்றட்டும். அனுப்பிவிட்டு தினேஷைக் கூப்பிடு. நீதான் முதலில் கூப்பிட வேண்டும், அவன் கூப்பிடமாட்டான், வெட்கப்படுகிறான். கேட்க வேண்டியதை நேராகக் கேள், அவன் சொல்வதை முழுவதும் கேள், நடுவில் பேசாதே. அதற்குப் பிறகு, அது எந்தப் பதிலாக இருந்தாலும், எனக்குப் போன் பண்ணு. நான் எடுத்ததும் ஒன்றும் சொல்லமாட்டேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.